பத்துக்கு ஒன்பது

மிளகு பறிக்கும்போது நான் ஏணியிலிருந்து விழுந்தது 1999 தை மாதம். எலும்பு முறியவில்லை. முறிந்திருந்தால் வீட்டில் நம்பியிருப்பார்கள். இடுப்பில் தொடங்கி வலது கால் கட்டைவிரல்வரை இழுக்கும் வலியை யாருக்கு எப்படிக் காட்டுவது? நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா வேலையும் செய்தேன். அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"தண்ணி எடுக்கறா, களி கிண்டறா. வலியாம் வலி!" என்று மாமியார் பக்கத்துக் காட்டுக்காரர்களிடமெல்லாம் சொன்னார்.

கடைசியில் கணவரோடு செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எவ்வளவு வலிக்கிறது என்று டாக்டரம்மா கேட்கவில்லை.

"வலி உங்களை எதையெல்லாம் செய்யவிடாமத் தடுக்குது? குனிய முடியுதா? எவ்வளவு நேரம் உக்கார முடியுது?"

நான் வாய் திறக்குமுன் கணவர் முந்திக்கொண்டார். "எல்லாமே செய்யறாளுங்க. சும்மா பயந்துக்கறா."

டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். நடப்பது, குனிவது, தூக்குவது, சேலை கட்டுவது, தூங்குவது. ஒவ்வொன்றையும் வலி எவ்வளவு தடுக்கிறது என்று, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், ஒரு வாரம் தினமும் எண் போட வேண்டும்.

"வலிச்சா நிறுத்திடுங்க. பல்லைக் கடிச்சுச் செஞ்சா அளவு தப்பாயிடும்."

பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை குடத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"ஏனுங்க, இனி நீங்க ஊத்துக்குப் போயிட்டு வாங்க. டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

முறைத்தார். ஆனாலும் போனார். பள்ளத்திலிருந்து ஏறி வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மாமியார் கிண்டிய களி கட்டி கட்டியாக வந்தது. நான் கட்டிலில் சாய்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். வலி குறையவில்லை, மனசு குளிர்ந்தது. தூக்குவதற்கு ஆறு போட்டாலே போதும், ஒன்பது போட்டேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மா அந்தத் தாளைக் கணவரிடமே நீட்டினார். "நீங்களே படிங்க."

கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர்.

"குனிய, எட்டு. சேலை கட்ட, ஏழு..." குரல் உள்ளே போனது.

"சத்தமாப் படிங்க. கேக்கலீங்க" என்றேன்.

படித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார். தூக்கத்துக்கு ஏழு நாளும் பத்து போட்டிருந்தேன். அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

"நீ தூங்கறதே இல்லியா?"

"பக்கத்துலதான படுத்திருந்தீங்க."

அவர் தாளை மடித்து மேசைமேல் வைத்தார். வெளியே பெஞ்சிலிருந்து இரண்டு தலைகள் உள்ளே எட்டிப் பார்த்தன.

மாத்திரை, இடுப்புப் பட்டை, பயிற்சி என்று ஏழெட்டு மாதத்தில் வலி அடங்கியது. அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அவர்தான் தண்ணீர் எடுத்தார்.