தாமரைச்செல்வி பிடுங்கிய கேபிள்

எங்கள் லேபில் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் பிரச்சினையே. எது பழுதானாலும் மேலே சொல்லி யாரையும் தொந்தரவு செய்ய மாட்டோம், நாங்களே சமாளித்துக்கொள்வோம். அப்படிச் சமாளித்துச் சமாளித்து ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தோம். தாமரைச்செல்வி இல்லையென்றால் கொன்றேவிட்டிருப்போம்.

தாமரைச்செல்விக்கு வயது நாற்பத்து மூன்று. முதலியார்பேட்டைக்காரி. அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபோது இவள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கிடைத்த முதல் வேலை, ஒரு கேபிள் டிவி ஆபீஸில் போன் எடுப்பது. சீரியல் நடுவில் படம் போனால் ஊரே அவளைத் திட்டும். அவளோ திட்டுகிறவர்களின் தெருப் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வருவாளாம். நாலு போன் வருவதற்குள் எந்தக் கம்பத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவாளாம். ஆறு வருஷம் அங்கே வாங்கிய திட்டில் அவளுக்கு ஒரு வைராக்கியம் வந்தது: பழுது முதலில் நமக்குத் தெரிய வேண்டும், வாடிக்கையாளர் சொல்லி நாம் தெரிந்துகொள்வது கேவலம்.

அந்த வைராக்கியத்தோடுதான் புதுச்சேரி உப்பளம் ஏரியாவில் இருக்கும் எங்கள் சுடர் லேபுக்கு நெட்வொர்க் பார்க்க வந்தாள். பதினேழு வருஷம் ஆகிறது. நான் அதே லேபில் ரிப்போர்ட் பிரிவு, புருஷோத்தமன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் 'சார்' ஆகிவிடுவேன்.

எங்களுக்கு எட்டுக் கிளைகள். கிளையில் ரத்தம் எடுத்து அங்கேயே மெஷினில் போடுவார்கள். ரிசல்ட் இன்டர்நெட் லைன் வழியாக உப்பளத்துக்கு வரும். எங்கள் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ரிப்போர்ட் நோயாளியின் போனுக்குப் போகும். லைன் போய்விட்டால் ரிசல்ட் மெஷினுக்குள்ளேயே குந்திக்கொண்டிருக்கும்.

போன மார்ச்சில் ஒரு நாள் காலை கோரிமேட்டுக் கிளையில் லைன் போய்விட்டது. அந்தக் கிளையைப் பார்த்துக்கொள்ளும் மேனகா தங்கமான பெண். தன் சொந்தப் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு பில் போடுவதை நிறுத்தாமல் ஓட்டிவிட்டாள். மெஷின் அந்த ஹாட்ஸ்பாட்டில் சேராது என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு மணிக்கு ஒரு அம்மா போன் போட்டுக் கத்திய பிறகுதான் இருபத்து மூன்று பேரின் ரிப்போர்ட் மாட்டிக்கிடப்பது தெரிந்தது. அதில் ஒருவர் அந்த அம்மாவின் கணவர், ரத்தத்தில் பொட்டாசியம் ஆளைக் கொல்லும் அளவுக்கு ஏறியிருந்தது. டாக்டரைப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டதே என்று அவர் திண்டிவனம் பஸ் ஏறிவிட்டிருந்தார். தாமரை அவர் நம்பரைத் தேடிப் பிடித்து, வழியில் கிளியனூரில் இறக்கி, ஆட்டோ வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பிழைத்துக்கொண்டார்.

"ஏன் மேனகா சொல்லல?" என்று தாமரை கேட்டதற்கு, "நீங்க வேலையா இருப்பீங்களேன்னு சமாளிச்சுட்டேன்க்கா" என்று அழுதாள்.

மறுநாள் முதலாளி சக்கரபாணி சார் எங்களைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. புதுக் கிளை திறக்கும் ஆசையில் பாதிகூடப் பழைய கிளைக்கு ஒயர் மாற்றுவதில் இருக்காது, அவ்வளவுதான்.

"லைன் போனா சொல்ற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் வாங்கிடலாம். நீயே பாத்து முடிவு பண்ணுமா. ஆனா ஒண்ணு. அதுக்கப்பறமும் ஒரு ரிப்போர்ட் மாட்டுச்சின்னா, இந்த வேலைய வெளி கம்பெனிக்கு குடுத்துடுவேன். ஒனக்கு இங்க சீட்டு இல்ல."

"சரி சார்" என்றாள். அவள் சம்பளத்தில்தான் ரெண்டு பிள்ளைகள் காலேஜ் படிக்கிறார்கள்.

முதலில் வந்த கம்பெனிக்காரர் டை கட்டியிருந்தார். பெரிய டிவியில் புதுச்சேரி வரைபடம் போட்டு, எட்டுக் கிளைக்கும் எட்டுப் பச்சைப் புள்ளி வைத்துக் காட்டினார். சக்கரபாணி சார் முகமே பச்சையாகிவிட்டது. தாமரை எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லேப் மூடியிருந்தது. மெயின் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வந்து டிவி முன்னால் நின்றாள். எட்டுப் புள்ளியும் பச்சையாகவே இருந்தன. ரெண்டு நிமிஷம் ஆனது. அப்போதும் பச்சை.

"நெட் இல்லாம எப்படி மேடம் காட்டும்?" என்றார் டை.

"அதான் தம்பி நானும் கேக்கறேன். நெட்டு போச்சின்னு சொல்லத்தான ஒன் சாஃப்ட்வேரு? அதும் நெட்டோட சேந்து செத்துட்டா யாரு வந்து சொல்றது?"

ரெண்டாவது கம்பெனியின் சாஃப்ட்வேர் வெளியூரில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கியதும் எல்லோர் போனிலும் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்து விழுந்தது. விலையும் குறைவு. சக்கரபாணி சார் அன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். தாமரை மட்டும் ஒரு மாசம் சோதித்துப் பார்க்காமல் முடியாது என்று நின்றாள்.

அது எல்லாவற்றுக்கும் கத்தியது. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தால் கத்தும். சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டரை அணைத்தால் கத்தும். ஒரு நாளைக்கு இருநூறு செய்தி. புலி வருது கதைதான், பத்தாம் நாள் குரூப்பின் சத்தத்தை எல்லோரும் அணைத்துவிட்டோம்.

மாசக் கடைசியில் ஒரு சாயங்காலம், கூட்டமில்லாத நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் கோரிமேட்டு லைனை அவளே போய்ப் பிடுங்கிவிட்டு வந்தாள். குரூப்பில் செய்தி வந்தது. அரை மணி நேரத்துக்குள் போனைப் பார்த்த பதினோரு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். ஒருவர் நன்றி வேறு சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து என் மேஜைக்கு வந்தாள்.

"கும்பிட்டீங்களே சார், அப்பறம்?"

"பாத்துட்டேன்னு தெரிவிச்சேன்மா."

"பதினோரு பேரும் தெரிவிச்சிருக்கீங்க. லைன் அப்படியேதான் கெடக்குது. கும்பிட்டா வர்றதுக்கு அது என்ன சாமியா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் செய்தியைப் பார்த்தபோது, கும்பிடு போட்ட மற்ற பத்துப் பேரில் யாராவது போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மற்ற பத்துப் பேரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். அதில் கிளைக்குப் போய்ப் பழுது பார்க்கிற ராஜவேலும் ஒருவன்.

"தேர் இழுக்கத்தான் ஊரு வேணும் அண்ணே. ஒயரு மாட்ட ஒரு ஆளு போதும். அது யாருன்னு அந்த ஆளுக்கு தெரிஞ்சிருக்கணும்."

மூணாவது ஒரு சென்னைக் கம்பெனி. அதன் திரை பார்க்கச் சகிக்காது, பழைய அரசாங்க விண்ணப்பம் மாதிரி இருக்கும். ஆனால் லைனோ மெஷினோ போனால் மட்டும் பேசும். அதுவும் குரூப்புக்கு இல்லை, ஒரே ஒரு ஆளின் போனை அடிக்கும். எடுத்து ஒன்றாம் எண்ணை அமுக்கினால் அந்த வேலை அவர் தலையில். பத்து நிமிஷத்துக்குள் அமுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகும். தாமரை பட்டியல் போட்டாள். முதலில் ராஜவேல். ரெண்டாவது அவள். மூணாவது சக்கரபாணி சார்.

"என் நம்பர் எதுக்குமா? மொதலாளிய கூப்புட்டு ஒயரு மாட்டுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காது சார். அதனாலதான் போட்டேன்."

"புருஷோத்தமன போட்டுக்கயேன்."

"அவரு கும்பிடு போட்டுடுவாரு சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சார் கோபமாக எழுந்து போய்விட்டார். 'இதை வாங்கலாம்' என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டிய தாள் நாலு நாள் மேஜையிலேயே கிடந்தது. மூணாவது நம்பர் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். "அவரோட எதுக்கும்மா மோதற?" என்று கேட்டேன். "ரிப்போர்ட்டு மாட்டுனா போறது என் வேல அண்ணே. அப்ப லிஸ்ட்டும் நான் சொல்ற மாதிரிதான் இருக்கணும்" என்றாள். அஞ்சாம் நாள் சார் தன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார், ஏதோ எங்களுக்குத் தெரியாத நம்பர் மாதிரி.

அடுத்த சில மாசம் ராஜவேலின் போன் அடித்தது, ராஜவேல் போனான், லைன் வந்தது. ஒரு ரிப்போர்ட்கூடத் தாமதமாகவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை. தாமரை ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போயிருந்தாள். ராஜவேல் வேறொரு கிளைக்கு மழையில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தான், போன் பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் இருந்தது. கோரிமேட்டில் லைன் போனது. பத்து நிமிஷம் கழித்துத் தாமரையின் கைப்பைக்குள் மணி அடித்தது. வாயில் கிளிப், பல்லுக்குள் ஊசி. கையைத் தூக்கினாள். "ஆடாதீங்க, நரம்புல இருக்கேன்" என்றார் டாக்டர். மணி நின்றது, மறுபடி அடித்தது, மறுபடி நின்றது. அவள் வாயை மூடி எழுந்தபோது பத்து நிமிஷம் தாண்டிவிட்டது.

சக்கரபாணி சாருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. வேலை போச்சு என்று தோன்றியதாம். அழுகை வந்தது, மரத்துப்போன வாயால் அழக்கூட வரவில்லை என்றாள். ஆட்டோ பிடித்து நேராகக் கோரிமேட்டுக்குப் போனாள்.

அங்கே நடந்ததை மேனகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாசலில் சாரின் கார் நின்றது. உள்ளே பத்துப் பதினைந்து பேர் நனைந்துபோய் நிற்க, சார் மேஜைக்கு அடியில் முழங்காலிட்டு, ஜன்னல் வழியாகச் சாரல் பட்ட நெட் பெட்டியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மா குனிந்து, "சீக்கிரம் மாட்டுப்பா, பஸ்ஸுக்கு போவணும்" என்று அவரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

சார் தாமரையைப் பார்த்தார். "எந்த ஒயருமா?"

அவள் நீல ஒயரைக் காட்டினாள். மாட்டினார். உப்பளத்தில் என் திரையில் பதினாலு ரிசல்ட் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நானே எழுந்து ஓடி டாக்டரிடம் சொல்லி அனுப்பவைத்தேன். அந்த அம்மாவுக்குப் பஸ் கிடைத்தது.

சார் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஒண்ண அமுக்கிட்டேன்மா. அமுக்கிட்டு, யார அனுப்பலாம்னு பாத்தா எனக்கு கீழ பேரே இல்ல. அதான் நானே வந்துட்டேன்." அந்த அம்மா போன திசையைப் பார்த்தார். "ஒண்ணு செய்யி. லிஸ்ட்ல என் பேர ரெண்டாவதா போட்டுடு. நீ நிம்மதியா பல்லு பாரு."

தாமரைக்கு உதடு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லாக, மேனகாவுக்கும் கேட்கும்படி, திருத்தமாகச் சொன்னாள்.

"முடியாது சார். ரெண்டாவது என் எடம். அத யாருக்கும் தர மாட்டேன்."

"சரி" என்றார் சார். "நான் மூணாவதுலயே இருந்துட்டு போறேன்."