யோகம் அக்கா நிறுத்திய லோரிகள்

செய்தி வந்தபோது நான் லோரிக்குப் பக்கத்தில் நின்று ஓட்டுநரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தட்டுகளை இப்படித் தாறுமாறாக அடுக்கினால் கடித உறைகளின் மூலை மடங்கும், மடங்கினால் யோகம் அக்காவிடம் ஏச்சு வாங்கப்போவது நீ இல்லை, நான்தான் என்று கத்திக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் அவர் பெயர்தான் தெரிந்தது. எடுத்தால், அவருடைய கணவர் நடேசன் அண்ணன் பேசினார்.

"விமலா, யோகம் விடியக்காலமை போயிட்டா. நித்திரையிலயே."

அவரே தொடர்ந்தார்.

"இண்டைக்கு ஏதோ லோரி போகுது எண்டு நேற்றுச் சொல்லிக்கொண்டிருந்தவ. நீங்கள் முதல்ல அதைப் பாருங்கோ. பிறகு வரலாம்."

மனைவியைப் பறிகொடுத்த மனிதர் என் லோரியைப் பற்றிக் கவலைப்படுகிறார். இத்தனை வருடம் யோகம் அக்காவோடு குடும்பம் நடத்தியவர் வேறு எப்படி இருப்பார்?

யோகேஸ்வரி நடேசன் யார் என்று உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மொத்தத் தபால் தொழிலில் இருக்கும் எல்லாரும் ஒரு தடவையாவது அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். வாங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சுபாங் ஜெயாவில் இருக்கிறது எங்கள் நிறுவனம். வங்கி, காப்புறுதி நிறுவனம், கார் விற்பவர் என்று யார் யாரோ தரும் பெயர்ப் பட்டியலுக்குக் கடிதம் அச்சிட்டு, உறையில் போட்டு, தபால் பிரிப்பு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பிழைப்பு. அச்சுத் தளம் என் பொறுப்பு, ஆவணங்கள் அவர் பொறுப்பு. லோரி புறப்படும் முன்பே மொத்தம் எத்தனை உறை, ஒன்று என்ன எடை, எந்தத் தட்டில் எந்த ஊர் என்று கணினி வழியாக ஒரு மின்னறிக்கை போக வேண்டும். லோரியில் இருப்பதும் அறிக்கையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். படிக்கும்போதே கொட்டாவி வருகிறதா? எனக்கும் வரும். அவருக்கு மட்டும் வந்ததே இல்லை.

அவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். எங்கள் அலுவலகத்தில் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று சொல்லும் ஒரே ஆள். அவர் ஓம் சொல்லாமல் ஒரு உறைகூட வாசலைத் தாண்டாது. ஆனால் அவருடைய கைப்பைக்குள் பார்த்தால் மயக்கம் வந்துவிடும். மூக்குக் கண்ணாடி, மாத்திரை, பாதி தின்ற முறுக்கு, யாருடைய சாவி என்றே தெரியாத சாவிக்கொத்து எல்லாம் கிடக்கும். பேரங்காடியில் காரை எங்கே நிறுத்தினோம் என்று அவருக்கு ஒரு நாளும் ஞாபகம் இருந்ததில்லை. நானும் அவரும் வெயிலில் காரைத் தேடி நடந்த நடையைச் சேர்த்தால் கிள்ளானுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். "லோரி நிறைய கவர எண்ணி வெக்கிறீங்க, ஒரு கார வெக்கத் தெரியலையே" என்று கேட்பேன். "காருக்கு அறிக்கை கேட்கேல்லையே" என்பார்.

எங்கள் தொழிலில் சோதனைப் பெயர் என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளர்களின் பெயர்களுக்கு நடுவே நம் ஆள் ஒருவரின் பெயரையும் முகவரியையும் சேர்த்துவிடுவது. கடிதம் என்றைக்கு வந்தது, எப்படி வந்தது என்று அவர் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் எப்போதும் யோகம் அக்காவுடையதுதான். மறுவாரம் உறையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு, மடங்கிய மூலையை விரலால் தட்டுவார். வாயைத் திறக்க மாட்டார், தட்டுவார், அவ்வளவுதான். எங்களுக்கு மட்டும் என்றில்லை. தபால் மையத்தின் வரிசையில் பக்கத்தில் நிற்கும் மற்ற நிறுவனத்துக்காரர்களிடமும், "என்ட வீட்டு விலாசத்தைப் போடுங்கோ, நான் பார்த்துச் சொல்லுறன்" என்று கொடுத்துவிடுவார். எங்கள் முதலாளி சேகர் கொதித்துப்போவார். "போட்டிக் கம்பெனிக்கு ஓசி சர்வீசாக்கா?" என்று கேட்டால், "கடிதத்துக்குப் போட்டி தெரியாது தம்பி" என்று போய்விடுவார். இப்படியாகக் கோலாலம்பூரின் பாதி விளம்பரங்கள் அந்த வீட்டுக்கு வந்தன. அவர் வேலையில் இருப்பார், எல்லாவற்றையும் திறப்பது ஓய்வுபெற்ற நடேசன் அண்ணன்தான். டயர் தள்ளுபடி முதல் பல் சுத்தம் வரை அவருக்குத் தெரியாத விலை இல்லை.

ஒரு நாள் காஜாங்கிலிருந்து ஒரு பெண்மணி உறையின் பின்னால் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்தாச்சு. நீங்க மட்டும் வருசா வருசம் அவருக்குப் பொறந்தநாள் கொண்டாடுறீங்க. யாருலா இத அனுப்புறது?"

"நாங்க பிரிண்ட் மட்டும்தான் ஆன்டி. லிஸ்ட் இன்சுரன்ஸ்காரங்க குடுக்குறது" என்றேன். அது உண்மைதான். ஆனால் யோகம் அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்த அம்மாவை உட்கார வைத்து, மைலோ கலக்கிக் கொடுத்து, அவர் கணவரின் பெயரைக் கேட்டார். பிறகு அவர் என்ன வேலை செய்தார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் தொட்ட வேலை அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வேலையிலும், மின்னறிக்கை போவதற்கு முன் வாடிக்கையாளரிடம் கடைசியாக ஒரு தடவை கேட்க வேண்டும், இந்தப் பட்டியலில் இறந்தவர்கள் இருக்கிறார்களா என்று. இருந்தால் எடுத்தாக வேண்டும். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பார்: "இதை ஆர் திறப்பினம்?" முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு பழகிவிட்டது.

அவர் முதன்முதலில் லோரியை நிறுத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எல்லாம் ஏற்றி, கதவைப் பூட்டி, ஓட்டுநர் இருக்கையில் ஏறியாகிவிட்டது. அப்போது வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒருவர் இறந்துவிட்டாராம். யோகம் அக்கா படியிறங்கி ஓடிவந்து லோரிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஒரு கவர்லா அக்கா! ஒரே ஒரு கவர்!" என்று சேகர் தலையில் கை வைத்தார்.

"எங்களுக்குத்தான் தம்பி அது லோரியில ஒண்டு. அந்த வீட்டுக்கு வாறதே அது ஒண்டுதான்."

லோரி இறக்கப்பட்டது. அறிக்கை ரத்தாகி, புதிதாகப் போனது. சேகர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. நானும் உள்ளுக்குள் யோகம் அக்காவைத் திட்டிக்கொண்டேதான் தட்டுகளை இறக்கினேன்.

எனக்கென்று ஒரு சண்டையும் உண்டு. ஒரு முறை அச்சுப் பிசகிய உறை ஒன்றில் நம் ஊர்ப் பாடகர் ஒருவரின் பெயர் இருந்தது. வீணாய்ப்போன உறைதானே, அச்சு இயந்திரத்தின் மேல் ஒட்டிவைக்கலாம் என்று எடுத்து வைத்தேன். யோகம் அக்கா வந்து கையை நீட்டினார்.

"கெட்டுப்போன கவரு அக்கா. குப்பைக்குப் போறது."

"தாள் எங்கட. பேர் அவரின்ட. தாங்கோ."

அடுத்தவர் விவரங்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற சட்டத்தை எல்லா நிறுவனங்களும் சுவரில் மாட்டியிருக்கின்றன. அவர் அதைக் கடைப்பிடித்தார். வீணான உறையைத் தாள் நறுக்கும் இயந்திரத்தில் போட வேண்டும், இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதல் கையெழுத்து அவருடையது, தமிழில் முழுப் பெயராக இருக்கும். இரண்டாவது என்னுடைய கிறுக்கல். அந்தப் பாடகர் நூல் நூலாகப் போனதை நான் வயிற்றெரிச்சலோடு பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

லோரியில் இருந்தது ஒரு காப்புறுதி நிறுவனத்தின் தீபாவளி வாழ்த்து. மின்னறிக்கையை முந்தின நாள் மாலை யோகம் அக்காதான் அனுப்பிவிட்டுப் போயிருந்தார். அதுதான் அவர் செய்த கடைசி வேலை. நான் கைப்பேசியை வைத்துவிட்டு நிற்கும்போது தரவுப் பிரிவு இளங்கோ மாடியிலிருந்து இறங்கி வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்தவர், அதிகம் பேசாதவர். செய்தி மாடிக்கும் எட்டியிருந்தது, முகம் வெளுத்திருந்தது.

"மேடம், லிஸ்ட்ல அவங்க பேரு இருக்கு."

சோதனைப் பெயர். பிரிக்பீல்ட்ஸ் வீட்டு முகவரிக்கு, 'அன்புள்ள யோகேஸ்வரி, ஒளி பொங்கட்டும்' என்று ஒரு வாழ்த்து அந்த லோரிக்குள் இருந்தது.

"போவட்டும்" என்றேன். "அது அவங்க செஞ்ச கடைசி ஜோப். அதுல யாரும் கைய வெக்காதீங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எண்ணிச் சரிபார்த்து அனுப்பியதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

சேகர் அதற்குள் வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. "நடேசன் அண்ணன் பாவம்லா விமலா. அவருதான் எல்லாத்தயும் தொறப்பாரு. அந்த ஒன்ன மட்டும் உருவிடு. ரிப்போர்ட் அப்படியே இருக்கட்டும். ஒன்னு கொறஞ்சா அங்க யாரும் கண்டுக்க மாட்டாங்க."

அது நிஜம். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நானும் தலையாட்டப் போனேன்.

இளங்கோதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், ரிப்போர்ட் அவங்க பேர்ல போயிருக்கு. ஒன்ன உருவிட்டா அது பொய்யாயிடும். அவங்க பேர்ல பொய் போகணுமா?"

அறிக்கையை ரத்து செய்தால் தபால் மையத்தில் எங்களுக்கு ஒதுக்கிய அன்றைய நேரம் போய்விடும். அடுத்த நேரம் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. வாழ்த்து தீபாவளிக்குள் போய்ச் சேராவிட்டால் எங்கள் பெரிய வாடிக்கையாளர் கையைவிட்டுப் போவார். சேகர் தரையில் கிடந்த ஒரு மரப்பலகை மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, லோரிக்கு முன்னால் போய் நின்றார். யோகம் அக்கா நின்ற அதே இடம்.

"கேன்சல் பண்ணு. எறக்குங்க எல்லாத்தயும்."

வாடிக்கையாளருக்கும் அவரே போன் போட்டு, எல்லா ஏச்சையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் மதியத்துக்கு நேரம் கிடைத்தது. வாழ்த்துகள் பண்டிகைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

அன்று யோகம் அக்காவின் உறையைத் தேடி எடுக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. எந்தத் தட்டில் எந்த ஊர், எந்தக் கட்டில் எந்தத் தெரு என்று அவரே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். கையை விட்டதும் வந்துவிட்டது. மூலை மடங்காமல், அச்சு நேராக, குறை சொல்ல முடியாத உறை. அதை என் பைக்குள் வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். பாதி உள்ளே போய்விட்டது. பிறகு வெளியே எடுத்து, நறுக்கும் இயந்திரத்தில் நானே போட்டேன். அவருடைய கட்டத்தில் நான் கையெழுத்திட்டேன், என் கட்டத்தில் இளங்கோ. அன்றைக்கு என் கிறுக்கலை விட்டு முழுப் பெயரையும் எழுதினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து, கை கழுவும் இடத்தில் நடேசன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தீபாவளி முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் பெட்டியைப் பார்த்தனான் விமலா. அந்த வாழ்த்து அவவின்ட பேரில வருமெண்டு தெரியும். வந்தால் எப்பிடித் திறக்கிறது எண்டு பயந்துகொண்டிருந்தனான். வரேல்ல." குழாயை மூடினார். "லோரியை நிப்பாட்டிப்போட்டீங்கள் என்ன?"

"ஓம்" என்றேன். எனக்கு அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை எடுத்து வந்தார். அதில் உறைகள் இருந்தன, எல்லாம் யோகம் அக்கா பெயருக்கு, எதுவும் திறக்கப்படவில்லை. "இதுகள் மற்ற இடங்களில இருந்து வந்தது. அவையளுக்குத் தெரியாதுதானே" என்றார்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல மேடைகள் இருக்கும், சொல்பவர்களும் இருப்பார்கள். நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். அனுப்பும் பொத்தானைத் தொடும்போதெல்லாம் அது என் வாயில் வருகிறது, அவருடைய தமிழிலேயே வருகிறது. இப்போது அதை உங்களிடம் கேட்கிறேன். ஷா ஆலாமிலும், தெலுக் பங்லிமா காராங்கிலும், இன்னும் எங்கெங்கோ இருக்கும் உங்கள் கணினிகளில் சோதனைப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். யோகேஸ்வரி நடேசன், பிரிக்பீல்ட்ஸ் என்று இருக்கும். எடுத்துவிடுங்கள். லோரி ஏற்றியாகிவிட்டது என்றால் இறக்கிவிட்டு எடுங்கள்.

அந்த இடத்தில் கிள்ளானில் இருக்கும் என் முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் எனக்கு வரட்டும். நான் திறக்கிறேன்.