பதினொரு பெண்களும் இரண்டு சுழியங்களும்

கணக்கு டீச்சருக்கு எண்களோடு சண்டை கிடையாது. அவற்றைக் கட்டத்துக்குள் அடைப்பவர்களோடுதான் சண்டை. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றில், பிற்பகல் வகுப்பில் படித்த பதினொரு பெண்களுக்கு அநியாயம் நடந்தது. கணக்குச் சோதனையில் காலை வகுப்புப் பையன்களின் சராசரி ஐம்பத்திரண்டு, பெண்களின் சராசரி நாற்பத்தெட்டு. "சராசரி குறைந்த வகுப்புக்கு அடுத்த தவணை முதல் கணக்குக்குப் பதில் தையல், கணக்குப் பரீட்சைக்கு அனுப்புவதில்லை" என்று தலைமையாசிரியர் பலகையில் ஒட்டிவிட்டார். இரண்டு தையல் மெஷின்கூட வந்து இறங்கிவிட்டது.

நான் புக்கிட் தீமாவில் பல்கலைக்கழக வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து ஓடிவந்து, அந்தப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்த தற்காலிக டீச்சர். மதிப்பெண் பட்டியல் போட்டு முதுகு ஒடிந்த உங்களுக்கு என் ஆத்திரம் புரியும்.

கட்டம் காலியாக இருக்கலாமா?

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பாத்திமாவுக்கும் சரோஜாவுக்கும் சுழியம். இருவரும் பொங்கோல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். சோதனை அன்று பெய்த மழையில் ரோடு மூழ்கி பஸ் ஓடவில்லை. அவர்கள் சோதனையே எழுதவில்லை. எழுதாத தாளுக்கு யார் மதிப்பெண் போட்டது?

பட்டியல் எழுதும் குமாஸ்தாவான பள்ளிக் கிராணியிடம் போனேன். நல்ல மனிதர்தான். 'வரவில்லை' என்று எழுதியிருக்கலாமே என்று கேட்டதற்கு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கட்டம் காலியா இருந்தா மேல கேள்வி வரும். சுழியம் போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கம்மா."

தாழ்வாரத்தில் ஒரு வரிசை

சராசரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று பெண்களுக்குக் காட்ட, உயர வரிசையில் தாழ்வாரத்தில் நிறுத்தினேன். ஆறாவதாக, சரியாக நடுவில், பத்மா. எல்லாரிலும் உயரமாகக் கடைசியில் நின்ற பாத்திமாவை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் இடத்தில் ஆறடி உயர விளையாட்டு மாஸ்டரை நிறுத்தினேன். சராசரி உயரம் ஏறிவிட்டது. யாராவது வளர்ந்தீர்களா என்று கேட்டேன்.

பத்மா கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அந்தக் கோடியில யார் வந்து நின்னாலும் நடுவுல நான்தான் டீச்சர், நகர மாட்டேன் லா."

மூன்று தூண்கள்

காலை வகுப்பு மாஸ்டரிடம் அவர் பட்டியலைக் கேட்டேன். தயங்கித்தான் கொடுத்தார். மூன்று பையன்கள் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்று நான்கு. மற்ற எட்டுப் பேரில் ஆறு பேர் நாற்பதைத் தொடவில்லை, நாற்பதுதான் தேர்ச்சி. வரிசைப்படுத்தினால் நடு எண் முப்பத்தெட்டு. என் பெண்களுக்கு, அந்த இரண்டு சுழியங்களையும் சேர்த்தே, நடு எண் ஐம்பத்தெட்டு.

மாஸ்டர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு பேர் தோள்ல நான் சவாரி போறேன் மிஸ், பெரியவர்கிட்ட என் பேரை மட்டும் இழுக்காதீங்க."

பெரியவர் அறை

மூன்று வாரம் தினமும் தலைமையாசிரியர் கதவைத் தட்டினேன். "சராசரி பொய் சொல்லுமாம்மா?" என்பார், மணி அடிக்கும், போய்விடுவேன். கடைசி நாள் உட்கார்ந்துவிட்டேன்.

"பொய் சொல்லாது சார். நாம கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும். எழுதின ஒன்பது பொண்ணுங்களும் தேர்ச்சி. அவங்க சராசரி மட்டும் கிட்டத்தட்ட ஐம்பத்தொன்பது. பையன்களுக்கு ஐம்பத்திரண்டுதான்."

"பள்ளிக்கூடத்துக்கு வராதது அவங்க தப்புதானே?"

"அந்த மழையில நீங்களும் வரலை சார். வருகைப் பதிவேட்டுல உங்களுக்கு 'வெள்ளம்'னு எழுதியிருக்கு. அவங்களுக்கு மட்டும் ஏன் சுழியம்?"

பட்டியல்களோடு ஓரமாக நின்ற கிராணி இருமினார். தலைமையாசிரியர் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு எண்ணாக எண்ணி ஆறாவதில் நிறுத்தினார். மறுபடியும் எண்ணினார். பிறகு பேனாவை எடுத்து இரண்டு சுழியங்களையும் அடித்தார்.

"அப்ப அந்தத் தையல் மெஷினை என்ன செய்யறதுங்க?" என்று கிராணி கேட்டார்.

மூன்று வாரம் தொண்டை வறள வாதாடிய எனக்கும் சேர்த்துத் தலைமையாசிரியர் கொடுத்த பதில் இவ்வளவுதான்: "பதினொரு பேரையும் பரீட்சைக்கு எழுதுங்க, மெஷினைக் காலை வகுப்புல போடுங்க, விதி நான் போட்டதுதானே."