ராபின் கையில் ஊற்றிய குளிர்

ஆரம்பாக்கத்து ராபின் அண்ணனுக்கு ஒரே ஆசைதான். 'கான்ட்ராக்ட்' என்ற சொல் தன்னைவிட்டுத் தொலைய வேண்டும், பர்மனென்ட் ஆக வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கும் எங்கள் கம்பெனியில், டேங்கர் லாரிகளுக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். நான் பி.இ. முடித்து அங்கே டிரெய்னியாகச் சேர்ந்தபோது அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

நைட்ரஜனை எங்கிருந்தும் தோண்டி எடுப்பதில்லை. நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதான். அந்தக் காற்றை உறிஞ்சி, தூசி வடிகட்டி, கம்ப்ரஸரில் அமுக்குவோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே சூடு இங்கேயும் வரும். தண்ணீர் ஓட்டித் தணிப்போம். ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் முன்னாலேயே நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் கல்லாய் உறைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு அமுக்கிய காற்றைச் சட்டென்று விரியவிட்டால் குளிரும். அந்தக் குளிரை வைத்தே பின்னால் வரும் காற்றைக் குளிர்விப்போம். அது விரிந்தால் இன்னும் குளிரும். இப்படிச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் காற்றே சொட்டத் தொடங்கும். உயர்ந்த கோபுரம் ஒன்றுக்குள் அதை விட்டால் ஆக்சிஜன் அடியில் தங்கும், சீக்கிரம் கொதிக்கிற நைட்ரஜன் மேலே ஏறும். ஏறியதை மறுபடி குளிரவைத்துப் பிடித்தால் திரவ நைட்ரஜன், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. எங்கள் தெருவில் முதல் டிகிரி வாங்கியவன் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

ராபின் அண்ணன் அந்தத் திரவத்தை வெறும் உள்ளங்கையில் ஊற்றி வீசிக் காட்டுவார். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் ஒட்டாமல் உருண்டு ஓடும் அல்லவா? அந்தத் திரவத்துக்கு நம் கைதான் தோசைக்கல். தொட்ட நொடியே கொதித்து, ஆவி நடுவில் மெத்தை போட்டுவிடும். கண் சிமிட்டுவதற்குள் உதறிவிட்டால் கைக்கு ஒன்றும் ஆகாது. விருந்தாளிகள் வந்தால் மேனேஜர் மோகன்ராஜ் குரல் கொடுப்பார்: "ராபின், வாடா, காட்டு!" நூறு கான்ட்ராக்ட் ஆட்களில் மேனேஜருக்குப் பெயர் தெரிந்த ஒரே ஆள் ராபின். அந்த வித்தையே தன்னைப் பர்மனென்ட் ஆக்கும் என்று அண்ணன் நம்பினார்.

அன்றைக்கு மும்பையிலிருந்து பெரிய கஸ்டமர்கள் வந்திருந்தார்கள். கையில் கேமரா. மோகன்ராஜ் ராபினைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இன்னாடா வெறுங்கையோட நிக்கிற? போட்டோல சேஃப்டி இல்லாத கம்பெனின்னு வரும். க்ளவுஸ் மாட்டு."

"சார், தோல் க்ளவுஸ் ஸ்டோர்ல கீது. எட்த்துனு வரேன்."

"அதுக்குள்ள அவங்க கிளம்பிடுவாங்க. இதப் போட்டுக்கோ."

கொடுத்தது பெட்டி தூக்குகிறவர்கள் போடும் வெள்ளை நூல் கையுறை.

"துணி வேணாம் சார். உறிஞ்சிக்கும்."

"பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரைப் போடலாமா வேணாமான்னு யோசிச்சுனு இருக்கேன். நீ இன்னாடான்னா எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?"

ராபின் மாட்டிக்கொண்டார். ஊற்றினார். வீசினார். ஆனால் நூல் குடித்தது குடித்ததுதான். உறிஞ்சிய திரவம் தோலோடு ஒட்டி நின்றது. அண்ணன் கையை உதறினார், குனிந்தார், சுற்றினார், வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இந்தப் பேச்செல்லாம் காதில் விழாமல் கன்ட்ரோல் ரூம் கண்ணாடி வழியே பார்த்த எனக்கும் புதிதாக ஏதோ வேடிக்கை சேர்த்திருக்கிறார் என்றே தோன்றியது. விருந்தாளிகள் சிரித்துக் கைதட்டினார்கள். ஒருவர் "ஒன்ஸ் மோர்" என்றார். அண்ணன் முட்டி போட்ட பிறகும் இரண்டு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஓடிவந்து விறைத்திருந்த கையுறையைப் பிடித்து இழுத்தார். தோலும் கூடவே வந்தது.

ஆஸ்பத்திரியில் வலது கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மோகன்ராஜ் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணன் மனைவி ஷைனி கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நான் சொன்னதா வெளிய போச்சுன்னா கேஸ் ஆயிடும், எல்லாருக்கும் பேஜாரு. விளையாட்டா செஞ்சேன்னு சொல்லிடு ராபின். பர்மனென்ட் நான் வாங்கித் தரேன்."

ஷைனி சாத்துக்குடிப் பையைத் தரையில் வைத்தாள்.

"விரல் எட்த்தாதான் பர்மனென்ட்டா சார்? முன்னாடியே சொல்லியிருந்தா கல்யாணத்தன்னிக்கே வெட்டினு வந்திருப்பாரே."

"ஷைனி, நீ கம்முனு இரு," என்றார் ராபின். பிறகு மோகன்ராஜிடம், "விளையாட்டாதான் சார் செஞ்சேன்," என்றார்.

மோகன்ராஜ் வாக்குத் தவறவில்லை, அண்ணன் பர்மனென்ட் ஆனார். ஆனால் குழாய் மாட்ட அந்தக் கை உதவாது. அதனால் புது ஆட்கள் சேரும்போதெல்லாம் சேஃப்டி வகுப்பில் வந்து நிற்பது அவர் வேலையானது. மோகன்ராஜ் பேசி முடித்துவிட்டு, "ராபின், கையைத் தூக்கிக் காட்டு," என்பார். அண்ணன் தூக்குவார். மிஞ்சியவை இரண்டு விரல்கள்.

போன மாதம் சேர்ந்த ஜெனிபர் என்ற பெண் எழுந்து கேட்டாள்: "யாருமே செய்யச் சொல்லலையா அண்ணா?"

அண்ணன் கையை இறக்கவில்லை. பக்கத்தில் மோகன்ராஜ் தண்ணீர் பாட்டிலைத் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லலமா. எனக்குத்தான் கொழுப்பு."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தவர் மோகன்ராஜ்.