மல்லாந்த மூடிகள்

குப்புறக் கிடக்கும் மூடி எது, மல்லாந்து கிடக்கும் மூடி எது என்று தானாகவே பிரித்தறியும் ஓர் இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. புத்தளத்துக் கரைத்தீவில் இருந்தோம். வாப்பா மௌத்தான பிறகு நானும் உம்மாவும் மாமாவுடன்தான். மாமா உம்மாவுக்கு மூத்தவர். வீட்டுப் பின்பக்கத்தில் இஞ்சிச் சோடா செய்து முந்தல் ஊர்க் கடைகளுக்குப் போடுவார்.

சண்டை முடிந்திருந்தது. எங்கள் குடும்பத்தைப் போல மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் திரும்பிப் போகலாம் என்ற கதை வீட்டுக்கு வீடு நடந்தது. உம்மாவுக்குப் போகவேண்டும். தான் பிறந்த வளவு காடு பற்றிக் கிடந்தாலும் பரவாயில்லை, வெட்டித் துப்புரவாக்கலாம் என்பார். மாமாவுக்கோ புத்தளம் பழகிவிட்டது. நோன்பு திறக்கக் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்தாலும் இருவருக்கும் இதே இழுபறிதான். கடைசியில் மாமா ஒரு முடிவு சொன்னார்.

"பெருநாளைக்கு முந்தி இந்த மெஷின் ஓடிச்செண்டா இங்கதான் இருப்பம். ஓடாட்டி வித்துப்போட்டு எல்லாருமா ஊருக்குப் போவம். சரியா?"

உம்மா தலையாட்டினார். நான் இயந்திரத்தின் கட்சி. என் கூட்டாளிமார் எல்லாரும் கரைத்தீவில்தான் இருந்தார்கள், மன்னாரை நான் கண்டதே இல்லை.

அதுவரை மாமா ஒவ்வொரு போத்தலிலும் கையால் மூடி வைத்து நெம்புகோலை அழுத்துவார். இது கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்த இயந்திரம். உச்சியில் பெரிய தகரச் சட்டி. அதில் மூடிகளைக் கொட்டி சுவிட்சைப் போட்டால் சட்டி கிடுகிடுவென்று நடுங்கும். மூடிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒரு தகடுப் பாதையில் ஏறும். பாதையின் ஓரத்தில் ஒரு வெட்டு. பல்லைக் கீழே வைத்துக் குப்புற வரும் மூடி அதைத் தாண்டி, குழாய் வழியாகப் போத்தல் வாய்க்கு இறங்கும். மல்லாந்து வருவது சறுக்கிச் சட்டிக்குள்ளேயே விழும், மறுபடி ஏறிப் பார்க்கும். கண்ணில்லாத இரும்புக்கு இது எப்படித் தெரிகிறது என்று நான் வாய் பிளந்து நின்றேன். அல்லாஹ் அதற்குள் ஒரு மலக்கை, ஒரு வானவரை, உட்கார்த்தி வைத்திருக்கிறான் என்றே நம்பினேன்.

மலக்கு இரண்டு நாள்தான் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு மல்லாந்த மூடிகள் விழாமல் பாதையோடு போயின. குழாயில் சிக்கின, போத்தல் வாயை உடைத்தன. சிலாபத்திலிருந்து மெஷின் திருத்தும் ஒரு சிங்கள பாஸ் வந்தார். நடுக்கத்தைக் கூட்டினார், மூடிகள் பொரியரிசி போலத் துள்ளின. குறைத்தார், ஒன்றும் அசையவில்லை. ஒரு காலுக்குக் கீழே பலகைத் துண்டு செருகிச் சாய்த்துப் பார்த்தார். "முதலாளி, மெஷின் நல்லம். மூடிக்குத்தான் பைத்தியம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மாமாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். களப்பிலிருந்து வரும் உப்புக் காற்றில் எங்கள் ஊரில் இரும்பு என்றால் துருதான். ஆகவே சைக்கிள் செயினானாலும் கதவுப் பூட்டானாலும் தேங்காயெண்ணெய் பூசுவோம். இயந்திரத்துக்கும் மாமா காலையில் பிஸ்மி சொல்லி எண்ணெய் பூசினார். கோளாறு கூடக் கூட எண்ணெயும் கூடியது.

பெருநாள் நெருங்கிவிட்டது. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா வெறும் சோடாப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பின்பக்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்த உம்மா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, பாதையில் மல்லாந்திருந்த ஒரு மூடியைத் தொட்டார். தள்ளினால் நகரவில்லை. நகத்தால் கிளப்பி எடுத்து, அதன் வழுவழுத்த முதுகில் விரலை வைத்துத் தூக்கினார். எண்ணெயில் ஒட்டி, மூடி விரலில் தொங்கியது.

உம்மா அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். மாமா நிமிரவே இல்லை. உம்மாவையும் என்னையும் தவிர வேறு யாரும் அந்த மூடியைக் காணவில்லை.

"நானா" என்று அண்ணனைக் கூப்பிட்டார் உம்மா. "எண்ணெயாலதான் ஒட்டுது. முதுகு படுறதெல்லாம் புடிச்சிக்கிட்டே போகுது."

"பூசாட்டி துருப்புடிச்சிரும் தங்கச்சி!"

"கழுவிக் காய வச்சா புடிக்காது."

சட்டியையும் தகடையும் கழற்றி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். சூடான துணியால் ஈரம் போக ஒற்றினார். மூடிகளையும் கழுவி வெயிலில் பரப்பினார். எல்லாவற்றையும் பூட்டி மாமா சுவிட்சைப் போட்டார்.

அப்படி ஓர் அழகை நான் அதற்கு முன் கண்டதில்லை. மல்லாந்தவை ஒன்றுவிடாமல் கிணுகிணுவென்று விழுந்தன. மற்றவை பெருநாள் தொழுகையில் சஃப் கட்டி வரிசை பிசகாமல் நிற்பது போல ஒழுங்காகக் குழாயில் இறங்கின. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. மாமா "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சிரித்தார்.

"அது சரி, ஒவ்வொரு நாளும் இதக் கழுவித் தொடைக்கிறது ஆரு?" என்று கேட்டார் மாமா.

உம்மா மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான். வேற ஆரு இருக்கிறா?"

நான் உம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தேன். "இனி மன்னாருக்குப் போகத் தேவல்ல தானே உம்மா?"

"ஓம் மகள்" என்று உம்மா என் தலையைத் தடவினார். கை ஈரமாக இருந்தது.

மாமாவின் சிரிப்பு நின்றது. உம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சுவிட்சை அணைத்துவிட்டார். இவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் நிறுத்தினார் என்று எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.