இடியப்பம் அவிக்கும் குடும்பத் தலைவி

"என்ர சொல்லைத் தாண்டி இந்த வீட்டில ஒரு ஈ கூடப் பறவாது!"

இராஜேஸ்வரி இப்படிப் பிரகடனம் செய்தபோது, கற்பிட்டிக் கரையில் அதை மறுக்கும் துணிவு ஈக்களுக்கும் இருக்கவில்லை.

வரலாறு அப்படி. குடும்ப விபரம் பதிய வந்த கிராம சேவகர், "குடும்பத் தலைவர் ஆர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கணவர் பரமநாதனின் பெயரை எழுதத் தொடங்கினார். பரமநாதனோ கதிரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இடியப்பம் அவிச்சு ஹோட்டலுக்குக் குடுத்து இந்த வீட்டை நடத்துறது நான். என்ர பேரை எழுதுங்கோ."

"புருஷன் இருக்கேக்க அப்பிடி வழக்கமில்லை, அம்மா. ஊர் என்ன சொல்லும்?"

"ஊரே வந்து எனக்கு மாக் குழைச்சுத் தருது?"

மச்சாள்மார் முகம் சுழித்தனர். மூத்த மைத்துனர் கதைப்பதையே நிறுத்தினார்; அதை இராஜேஸ்வரி விடுமுறையாகக் கொண்டாடினார். அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப நடந்து, கடைசியில் தன் பெயரை எழுதுவித்தார். பதவியிழந்த பரமநாதன், "அப்ப கூரை ஒழுகினாலும் இனி நீதானே பாக்கோணும்?" என்று மகிழ்ந்தார்.

ஆட்சி இனிதே நடக்கையில் மகள் யதுர்சிகா கிளர்ச்சி செய்தாள். ஹோட்டலுக்கு இடியப்பம் கொண்டுபோனவள், அங்கே வெள்ளைக்காரர் வானத்தில் பறக்கும் பெரிய பட்டத்தின் கயிறுகளை இடுப்பில் கொளுவிக்கொண்டு, அது இழுக்கப் பலகையில் நின்று கடலில் ஓடுவதைப் பார்த்து, தானும் பழகிவிட்டாள். வரும் வெள்ளிக்கிழமை ஓடிக்காட்டினால், ஹோட்டலில் மற்றவர்களுக்குப் பழக்கும் வேலை அவளுக்கு.

"பொம்பிளைப் பிள்ளை காற்சட்டையோட கடலிலயோ? ஊர் என்ன சொல்லும்?" என்றார் தலைவி.

"நீங்கள் கிராம சேவகருக்குச் சொன்னதைத்தான் நானும் சொல்லுவன், அம்மா."

வாதத்தில் தோற்ற அரசுகள் எல்லாம் செய்வதையே தலைவியும் செய்தார்: தடை விதித்தார். பட்டம் எழும்ப, ஒருவர் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஹோட்டல் பெடியன்களிடம் போய், "என்ர பிள்ளைக்குப் பட்டம் பிடிக்கிறவனுக்கு இடியப்பம் இல்லை" என்றார். இந்தத் தடையில், இடியப்பத்துக்கு ஊற்றும் சொதியும் அடங்கும்.

வெள்ளிக்கிழமை தென்மேற்கிலிருந்து நல்ல சோளகக் காற்று. யதுர்சிகா கயிறுகளைப் பிடித்தபடி தண்ணீரில் நின்றாள். பட்டம் மணலில் கிடந்தது. பெடியன்கள் எல்லாரும் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வேலை கொடுக்க வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெறும் சட்டியை எடுக்க வந்த இராஜேஸ்வரி நின்றார். மகள் கெஞ்சவில்லை. அழவில்லை. கயிறுகளை விடவுமில்லை.

இராஜேஸ்வரி சட்டியைக் கீழே வைத்தார். சேலையை இழுத்துச் சொருகினார். ஒருவர் முகத்தையும் பாராமல் பட்டத்தின் ஓரத்தைப் பிடித்து நிமிர்த்தினார்.

"அம்மா, கொஞ்சம் இடப்பக்கம்!"

தலைவி இடப்பக்கம் நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்... காணும், அவ்வளவுதான். இப்ப விடுங்கோ!"

விட்டார்.