துக்க வீட்டில் சொன்ன ‘வாரேன்’

இதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். கோபம் வேறு யார்மேலும் இல்லை, என்மேல்தான்.

அவனியாபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஒடிசாவிலிருந்து ஒரு வெல்டர் வந்திருந்தான். அவனுக்குத் தமிழ் வாத்தியார் நான். “கெளம்புறப்ப ‘போறேன்’னு சொல்லக் கூடாது மாப்ள. ‘போயிட்டு வாரேன்’னு சொல்லணும்” என்று அழுத்திச் சொல்லிக் கொடுத்திருந்தேன். துக்க வீட்டில் மட்டும் எதுவும் சொல்லாமல் கிளம்ப வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

முதலாளி இறந்துபோனார். மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் முதலாளியம்மாவைக் கும்பிட்டு, “போயிட்டு வாரேன்க்கா” என்றான். அதுவும் கணீரென்று.

அழுகையே நின்றுவிட்டது. அந்தம்மாவின் தம்பி அவன் சட்டையைப் பிடித்தார். “இன்னொரு சாவுக்கு வருவியாடா? எவன்டா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?”

அவன் கண் என்னைத் தேடியது. நானோ பந்தலோரம் குனிந்து மும்முரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பு என் காலில்தான் கிடந்தது.

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அப்போதும் நான் நிமிரவில்லை. அவனும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

முதலாளியம்மாதான் எழுந்து வந்தார். “கைய எடுடா. அவன் மரியாதையாத்தான சொன்னான்?” என்று தம்பியை அதட்டினார். பிறகு வெல்டரிடம், “பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாப்பிட வந்துரு தம்பி” என்றார்.

அத்தனை துக்கத்திலும் அவருக்கு இருந்த வாய், ஊரையே நக்கலடிக்கும் எனக்கு இல்லை.

ஷேர் ஆட்டோவில், “என்ன தப்புண்ணே செஞ்சேன்?” என்று கேட்டான். காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிவந்த கன்னத்தோடு சிரித்தான். அந்த அறையை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், பாவி.